குடல் எரிச்சல் நோய்க்கு உணவு முறை: விலக்குவது எப்படி, திரும்பச் சேர்ப்பது எப்படி

வயிற்றுவலியும் உப்புசமும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருவதும், ஒரு வாரம் மலச்சிக்கலும் மறு வாரம் பேதியுமாக வயிறு மாறி மாறிப் படுத்துவதும், வெளியே கிளம்பும் முன்பே போகுமிடத்தில் கழிவறை எங்கே இருக்கும் என்று மனம் தேடத் தொடங்குவதும், இத்தனைக்கும் நடுவே எல்லாப் பரிசோதனை முடிவுகளும் சரியாகவே இருப்பதும் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களின் அன்றாட அனுபவம். இது உயிரைப் பறிக்கும் நோயன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கூடவே இருந்து, ஒருவர் உண்பதையும் உறங்குவதையும் வேலைக்குச் செல்வதையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளக் கூடியது.

இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்கள் தொல்லைக்கும் உணவுக்கும் தொடர்பு இருப்பதைத் தாங்களாகவே உணர்ந்திருப்பார்கள். பாலை நிறுத்திப் பார்ப்பார்கள், பிறகு கோதுமையை, பிறகு காரத்தை, பிறகு பருப்பை, பிறகு பழங்களை. ஒவ்வொன்றையும் நிறுத்திய முதல் சில நாள்கள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பின்னர் மறுபடியும் வலி வரும், அடுத்த பொருள் தட்டிலிருந்து நீங்கும். இப்படியே போனால் கடைசியில் நான்கைந்து பொருள்களை மட்டுமே அச்சத்துடன் உண்ணும் நிலை வந்து சேரும், தொல்லை மட்டும் அப்படியே இருக்கும். எதையாவது நிறுத்துவது எளிது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிறுத்தியதில் எது உண்மையில் குற்றவாளி, அதிலும் எந்த அளவுக்கு மேல் குற்றவாளி என்பதைக் கண்டறிந்து மற்றவற்றையெல்லாம் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் உணவு முறையின் முக்கியப் பகுதி. இந்த வழிகாட்டி அந்தப் பகுதிக்கே அதிக இடம் தருகிறது.

உணவில் கை வைப்பதற்கு முன்

முதலில் நோய் இன்னதென்று மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். குடல் நோய் வல்லுநர்கள் 2016-இல் வெளியிட்ட ரோம் 4 அளவுகோலின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, மலம் கழிக்கும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு உடன் இருக்க வேண்டும், தொல்லை தொடங்கி 6 மாதங்களேனும் ஆகியிருக்க வேண்டும். மலத்தில் இரத்தம், முயலாமலே உடல் எடை குறைதல், இரத்தச்சோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி அல்லது வலி, ஐம்பது வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ புதிதாகத் தொடங்கிய மாற்றம், நெருங்கிய உறவினருக்குக் குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், உணவை மாற்றிப் பார்ப்போம் என்று நாள்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கும் ஐ.பி.எஸ்.ஸுக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, கோதுமையை வழக்கம்போல் உண்டுகொண்டிருப்பவர்களிடம்தான் நம்பத்தக்க முடிவைத் தரும். கோதுமையைச் சில மாதங்கள் நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குச் சென்றால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆகவே அந்தப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே கோதுமையைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். பேதி அதிகம் உள்ளவர்களுக்கு மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பதும் வழக்கம். அழற்சி நோயைப் பிரித்தறிய அது உதவும்.

இன்னொரு சாரார் இந்த முறையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. குழந்தைகள், கருவுற்றவர்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலை அல்லது உணவுக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்கு உணவைக் கட்டுப்படுத்துவதால் வரும் தீங்கு, குடலுக்கு வரும் நன்மையைவிடப் பெரிதாகிவிடக்கூடும். அவர்களுக்கு உணவியல் வல்லுநரின் நேரடிக் கண்காணிப்பு வேண்டும்.

குடலுக்குள் நடப்பது என்ன

நாம் உண்ணும் மாவுச்சத்தில் சில வகைகளைச் சிறுகுடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பருப்பு, பயறு வகைகளில் உள்ள காலக்டோ ஆலிகோசாக்கரைடு, பாலில் உள்ள லாக்டோஸ், தேன், மாம்பழம், ஆப்பிள் போன்றவற்றில் குளுக்கோஸின் அளவை விஞ்சி நிற்கும் ஃபிரக்டோஸ், காளான், காலிஃபிளவர், பேரிக்காய் முதலியவற்றிலும் சர்க்கரையற்ற மிட்டாய்களிலும் உள்ள சார்பிட்டால், மானிட்டால் போன்ற இனிப்பு ஆல்கஹால்கள் ஆகியவை அந்த வகைகள். இவை அனைத்தையும் சேர்த்து ஃபாட்மேப் என்று அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005-இல் இந்தத் தொகுப்பை முன்வைத்தனர். அதே குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 30 ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு 21 நாள்கள் ஃபாட்மேப் குறைந்த உணவும் 21 நாள்கள் வழக்கமான உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, ஃபாட்மேப் குறைந்த உணவு உண்ட காலத்தில் அவர்களின் தொல்லைகள் தெளிவாகக் குறைந்தன.

உறிஞ்சப்படாத இந்தச் சர்க்கரைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஃபிரக்டோஸ், மானிட்டால் போன்ற சிறிய மூலக்கூறுகள் சிறுகுடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. ஃபிரக்டான் போன்ற நீண்ட சங்கிலிகள் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்டு வாயுவாக மாறுகின்றன. இது எல்லோருக்கும் நடக்கும் இயல்பான நிகழ்வு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. படங்களின் வழியாக 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சர்க்கரைகள் கலந்த ஒரே பானத்துக்குப் பிறகு நோயாளிகளின் குடலில் சேர்ந்த வாயுவின் அளவு நலமாக இருப்பவர்களின் அளவைப் போலவே இருந்தது. வேறுபாடு உணர்வில்தான். ஒருவருக்குத் தெரியாமலே கடந்துபோகும் விரிவு, ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் நரம்புகளுக்கு வலியாகத் தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன், ஏனெனில் உணவைப் பற்றிய அச்சத்தை இதுவே பாதி குறைத்துவிடும். வெங்காயமோ பயறோ உங்கள் குடலைச் சேதப்படுத்துவதில்லை, உடலில் நஞ்சைச் சேர்ப்பதும் இல்லை. ஒரு நாள் தவறி உண்டுவிட்டால் அன்றும் மறுநாளும் வயிறு உப்பும், வலிக்கும், பிறகு அடங்கிவிடும். சீலியாக் நோயாளி குளூட்டனைத் துளியும் உண்ணக் கூடாது என்பதுபோன்ற விதி இங்கே இல்லை. இங்கே உள்ளது அளவுக் கணக்கு மட்டுமே. வயிற்றின் கொள்ளளவு ஒரு வாளி என்றால், அதில் எந்தப் பொருள் எவ்வளவு ஊற்றப்படுகிறது என்பதும், வாளி எப்போது நிரம்பி வழிகிறது என்பதும்தான் கேள்வி.

இரண்டு வாரக் குறிப்பேடு

எதையும் நிறுத்துவதற்கு முன் இரண்டு வாரங்கள் வழக்கம்போல் உண்டு, உண்டதை எழுதி வையுங்கள். நேரம், உண்டது, ஏறத்தாழ அளவு, வலி எத்தனை (0 முதல் 10 வரை), உப்புசம், மலத்தின் வகை, தூக்கம், மன அழுத்தம், பெண்களானால் மாதவிடாய் நாள் ஆகியவை இருந்தால் போதும். மலத்தின் வகைக்கு பிரிஸ்டல் அட்டவணையின் எண்ணைப் போடலாம். 1, 2 என்பவை கட்டிகட்டியான மலச்சிக்கல் வகை, 3, 4 இயல்பானவை, 5 சற்றே இளகியது, 6, 7 பேதி வகை. 'இன்று வயிறு சரியில்லை' என்று பொதுவாக எழுதுவதைவிட 'மாலை 4 மணி, வலி 6, வகை 6' என்று எழுதுவது பிற்பாடு பலமடங்கு பயன்படும்.

குறிப்பேட்டைப் படிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை, வலி வந்ததற்கு முன் கடைசியாக உண்ட உணவின் மீது பழி போடுவது. உதாரணமாக, ஒருவர் மதியம் 1 மணிக்கு வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும் முட்டையும் உண்கிறார், 1.20-க்கு வயிறு முறுக்குகிறது, உடனே கழிவறைக்கு ஓடுகிறார். முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார். ஆனால் உணவு இரைப்பையில் இறங்கியதுமே பெருங்குடல் சுருங்கத் தொடங்குவது உடலின் இயல்பான அனிச்சைச் செயல், ஐ.பி.எஸ். உள்ளவர்களிடம் அது மிகையாக நடக்கும். 1.20-க்கு வெளியேறியது மதிய உணவன்று. முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்கு உண்ட, வெங்காயமும் பூண்டும் நிறைந்த குழம்பின் நொதித்தல் அப்போதும் பெருங்குடலில் நடந்துகொண்டிருந்திருக்கலாம். ஃபாட்மேப்களின் விளைவு சில மணி நேரத்தில் தொடங்கி, சிலருக்கு மறுநாள் வரைகூட நீளும். ஆகவே வலி வந்த ஒவ்வொரு முறையும் முந்தைய 24 மணி நேரத்தை முழுவதுமாகத் திரும்பிப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் அந்த முட்டை குற்றமற்றது என்பது தெரியவரும்.

எளிய மாற்றங்களை முதலில் முயலுங்கள்

ஃபாட்மேப் முறை உழைப்பு மிகுந்தது. அதற்குப் போகாமலேயே கணிசமானவர்களுக்கு நிம்மதி கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2008 முதல் தன் வழிகாட்டுதலில் இதையே முதல் படியாக வைத்திருக்கிறது. நேரத்துக்கு உண்ணுங்கள், வேளை தவறாதீர்கள், ஒரு வேளை தவறிய பின் இரு மடங்கு உண்ணாதீர்கள். நிதானமாக மென்று உண்ணுங்கள். நாளொன்றுக்கு 8 கோப்பை அளவுக்குத் தண்ணீர் அல்லது காஃபீன் இல்லாத பானம் அருந்துங்கள், காபி, தேநீரை 3 கோப்பைக்குள் நிறுத்துங்கள். மதுவையும் நுரைக்கும் பானங்களையும் குறையுங்கள். பழத்தை ஒரே நேரத்தில் குவிக்காமல், 80 கிராம் வீதம் நாளில் மூன்று வேளையாகப் பிரித்து உண்ணுங்கள். எண்ணெய் மிதக்கும் உணவும் மிகுந்த காரமும் குடலின் அசைவையும் வலியுணர்வையும் தூண்டுபவை என்பதால் அவற்றையும் குறைத்துப் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரங்கள் இதை ஒழுங்காகச் செய்து நிம்மதி கிடைத்தால், மேற்கொண்டு எதையும் விலக்கத் தேவையில்லை.

நார்ச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தொல்லை என்றாலே நார்ச்சத்தைக் கூட்டுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஐ.பி.எஸ்.ஸில் எந்த நார் என்பது முக்கியம். கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார் பலருக்கு உப்புசத்தையும் வலியையும் அதிகப்படுத்திவிடும். தண்ணீரில் ஊறிக் கூழாகும் கரையும் நார், குறிப்பாக இசப்கோல், மலச்சிக்கல், பேதி ஆகிய இரு வகையினருக்கும் உதவுகிறது. 2009-இல் நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இசப்கோல் உண்டவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. தவிடு உண்டவர்களில் பலர் தொல்லை கூடியதால் தொடக்கத்திலேயே விலகினர். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும், தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். உப்புசமே முதன்மையான தொல்லை என்றால் ஓட்ஸும் நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை ஆளி விதையும் பயன் தரும்.

விலக்கும் காலம்: 2 முதல் 6 வாரம்

மேற்கண்டவற்றால் பலன் இல்லையென்றால் ஃபாட்மேப் குறைந்த உணவுக்கு வாருங்கள். இயன்றவரை இம்முறையில் பயிற்சி பெற்ற உணவியல் வல்லுநரின் துணையோடு செய்வது நல்லது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கைபேசிச் செயலி உணவுகளை அளவோடு சேர்த்துப் பட்டியலிடுகிறது. இணையத்தில் உலவும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், அளவு குறிப்பிடாத எந்தப் பட்டியலையும் நம்பாதீர்கள் என்பதே என் அறிவுரை.

விலக்க வேண்டியவற்றில் வெங்காயமும் பூண்டும் முதலிடம் பெறும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றால் செய்த ரொட்டி, மாவுப் பண்டங்கள், பெரும்பாலான பருப்பு, பயறு வகைகள், முந்திரி, பிஸ்தா, பால், பால்கட்டியின் மென்மையான வகைகள், ஆப்பிள், பேரி, மாம்பழம், தர்ப்பூசணி, தேன், காலிஃபிளவர், காளான் ஆகியவை அடுத்தவை. தயங்காமல் உண்ணத்தக்கவையும் ஏராளம். அரிசி, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், மக்காச்சோள மாவு, கேரட், வெள்ளரி, கத்தரிக்காய், பசலைக் கீரை, ஆரஞ்சு, கிவி, அதிகம் கனியாத வாழைப்பழம், முட்டை, மீன், இறைச்சி, லாக்டோஸ் நீக்கிய பால், நன்கு முதிர்ந்த கெட்டியான பால்கட்டி, வேர்க்கடலை எல்லாம் உங்கள் தட்டில் இருக்கலாம். வாழைப்பழம் கனியக் கனிய அதில் ஃபிரக்டான் கூடுகிறது, ஆகவே புள்ளி விழுந்த பழத்தைத் தவிர்த்து உறுதியான பழத்தை எடுங்கள். புலால் உண்ணாதவர்கள் பருப்பை முழுவதும் விட்டால் புரதத்துக்குத் திண்டாடுவார்கள். அவர்கள் டின்னில் அடைத்த பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தண்ணீரை வடித்து நன்கு அலசி, கால் கோப்பை அளவில் உண்ணலாம். ஊறிய தண்ணீரோடு அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சோயாப் பாலில் செய்யும் கெட்டியான டோஃபுவும் ஏற்றது.

பூண்டு, வெங்காயத்தின் வாசனை இல்லாமல் உணவு இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே குழம்பில் பூண்டை முழுதாகப் போட்டுக் கொதித்த பின் எடுத்துவிடுவதில் பயனில்லை, அதற்குள் சர்க்கரை குழம்பில் இறங்கியிருக்கும். மாறாக, எண்ணெயை மிதமான சூட்டில் வைத்து, இரண்டாக நறுக்கிய பூண்டுப் பற்களை அதில் போட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்கி, பற்களை ஒரு துணுக்கும் விடாமல் வடிகட்டி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் மற்ற சமையலைத் தொடங்கினால் வாசனை கிடைக்கும், ஃபிரக்டான் சேராது. பூண்டை எடுக்கும்வரை தக்காளியோ தண்ணீரோ வாணலியில் விழக் கூடாது. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்து அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். வீட்டில் செய்த பூண்டு எண்ணெயைச் சமையலறை மேடையில் வைத்திருந்தால், உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும். வெங்காயத்துக்கு மாற்றாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிச் சேர்க்கலாம்.

பொட்டலத்தில் வரும் உணவுகளின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் இந்தக் காலத்தில் அவசியம். இனுலின், சிக்கரி வேர் நார், பூண்டுத் தூள், வெங்காயத் தூள், அதிக ஃபிரக்டோஸ் சோளப் பாகு ஆகிய சொற்களைத் தேடுங்கள். சேர்க்கை எண்களில் 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால். சர்க்கரையற்ற சூயிங்கம், இருமல் மருந்து, மெல்லும் வைட்டமின் மாத்திரை ஆகியவற்றிலும் இவை இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதுகாப்பான அளவில் இருக்கும் உணவுகளும் ஒரே வேளையில் சேரும்போது வரம்பைத் தாண்டிவிடக்கூடும். மூன்று வகைப் பழங்களை ஒரே கிண்ணத்தில் கலந்து உண்பது இதற்குப் பொதுவான உதாரணம். வேளைகளுக்கிடையே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டுப் பழகுங்கள்.

இந்த உணவால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள் தெரிந்துவிடும். ஆறு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் மாற்றம் இல்லையென்றால், உங்கள் தொல்லைக்கு ஃபாட்மேப் காரணமில்லை என்று பொருள். கட்டுப்பாட்டை மேலும் இறுக்காமல் பழைய உணவுக்குத் திரும்பி, மருத்துவரிடம் வேறு வழிகளைக் கேளுங்கள். பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை, மருந்துகள், குடலை மையமாகக் கொண்ட மனநலப் பயிற்சி எனச் சான்றுள்ள வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

திரும்பச் சேர்க்கும் காலம்

நிம்மதி கிடைத்தவர்களில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வலி இல்லாத நாள்களைக் கண்டவருக்கு மறுபடியும் வெங்காயத்தைத் தொட மனம் வராது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் நிற்கக் கூடாது. நாம் விலக்கிய சர்க்கரைகள்தான் குடலில் உள்ள நன்மை தரும் பிஃபிடோ நுண்ணுயிரிகளின் உணவு. நான்கே வாரக் கட்டுப்பாட்டில் அவற்றின் அளவு குறைவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. கால்சியம், நார்ச்சத்து முதலியவையும் குறையத் தொடங்கும். அதைவிட, விருந்துக்கும் பயணத்துக்கும் அஞ்சும் வாழ்க்கை மெல்ல நிலைத்துவிடும். ஐந்து வகைச் சர்க்கரைகளும் ஒருவருக்கே ஒத்துக்கொள்ளாமல் போவது அரிது. பலருக்கு ஒன்றோ இரண்டோதான் சிக்கல்.

சோதனைக்கு ஒரே ஒரு வகைச் சர்க்கரையை மட்டும் கொண்ட உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாக்டோஸுக்குப் பால், ஃபிரக்டோஸுக்குத் தேன் அல்லது மாம்பழம், மானிட்டாலுக்குக் காளான், பருப்புச் சர்க்கரைக்கு வேகவைத்த கொண்டைக்கடலை என்று வையுங்கள். ஃபிரக்டானுக்கு மட்டும் கோதுமை ரொட்டி, வெங்காயம், பூண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனெனில் ரொட்டியைத் தாங்குபவர் பூண்டைத் தாங்காமல் இருப்பதுண்டு. ஆப்பிளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும் சேர்ந்தே இருப்பதால், வலி வந்தாலும் எதனால் என்று தெரியாது.

பாலை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை கால் குவளை, அதாவது ஏறத்தாழ 60 மி.லி. பால் மட்டும் குடிக்கிறீர்கள். அன்றைய மற்ற உணவெல்லாம் விலக்கும் காலத்தில் உண்டது போலவே இருக்கும். தொல்லை இல்லையென்றால் செவ்வாயன்று அரைக் குவளை, புதனன்று ஒரு முழுக் குவளை. வியாழன் முதல் சனி வரை பால் கிடையாது. தாமதமாக வரும் விளைவு எதுவும் இருந்தால் அந்த நாள்களில் தெரிந்துவிடும். செவ்வாயன்று அரைக் குவளைக்குப் பின் இலேசான இரைச்சல் மட்டும் இருந்தால் அதைத் தோல்வியாக எழுத வேண்டாம், அதே அளவை ஒரு நாள் விட்டு மீண்டும் பாருங்கள். தெளிவான வலியோ பேதியோ வந்தால் அங்கேயே நிறுத்தி, தாங்கிய அளவையும் தாங்காத அளவையும் குறித்துக்கொண்டு, வயிறு முழுவதும் அமைதியான பிறகே அடுத்த சோதனையைத் தொடங்குங்கள்.

தேறிய உணவை உடனே அன்றாடத்தில் சேர்த்துவிடத் தோன்றும். எல்லாச் சோதனைகளும் முடியும்வரை பொறுத்திருங்கள். பால் தேறியது என்று தினமும் குடித்துக்கொண்டே கொண்டைக்கடலையைச் சோதித்தால், வரும் வலி எதனுடையது என்று பிரிக்க முடியாமல் போகும். முழுச் சுற்றும் முடிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தேர்வு, பயணம், வீட்டில் துக்கம், மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள் ஆகியவை குடலைத் தாமாகவே கிளறிவிடுபவை, அந்த நாள்களில் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். மனத்தின் எதிர்பார்ப்பே வலியை வரவழைப்பதும் இந்நோயில் உண்மையாகவே நடப்பதால், சந்தேகமான முடிவு வந்த உணவை ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நியாயம்.

இந்தச் சோதனைகளில் பலருக்கு வியப்பளிப்பது கோதுமைதான். தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேரிடம் நார்வேயில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எதை உண்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் தனித்தனியாகக் கொடுத்தபோது, தொல்லையைக் கூட்டியது ஃபிரக்டானே. அதாவது சீலியாக் நோய் இல்லாத பலருக்குக் கோதுமை முழுவதுமாக விலக்க வேண்டிய பொருளன்று. ஒரு துண்டு ரொட்டி ஒத்துக்கொள்ளும், நான்கு துண்டுதான் ஒத்துக்கொள்ளாது. நீண்ட நேரம் இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் ஃபிரக்டானின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே உண்டுவிடுவதால், அத்தகைய ரொட்டியை இன்னும் எளிதாகத் தாங்குபவர்கள் உண்டு.

அதன் பிறகு

சோதனைகள் முடிந்ததும் உங்களிடம் ஒரு பக்க அளவில் சொந்தப் பட்டியல் இருக்கும். முழுமையாகத் தேறியவற்றைத் தாராளமாக உண்ணுங்கள். அளவுக்குட்பட்டுத் தேறியவற்றை, ஒரே வேளையில் இரண்டு மூன்று சேராமல் பார்த்துக்கொண்டு உண்ணுங்கள். தேறாதவற்றை மட்டும் ஒதுக்கி வைத்து, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை சிறிய அளவில் மீண்டும் சோதியுங்கள், ஏனெனில் குடலின் தாங்கும் தன்மை நிலையானதன்று. லாக்டோஸ் சிக்கல் உள்ளவர்கள் பால் பண்டம் உண்ணும்போது லாக்டேஸ் மாத்திரையையும், பருப்பு சிக்கல் உள்ளவர்கள் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் மாத்திரையையும் முதல் கவளத்தோடு எடுத்துக்கொண்டால், விருந்து நாள்களை ஓரளவு சமாளிக்கலாம்.

மலச்சிக்கல் வகையினர், விலக்கும் காலத்தில் நார்ச்சத்து குறைந்து சிக்கல் கூடுவதைக் காண்பார்கள். அவர்கள் இசப்கோலை நிறுத்தாமல் தொடர்வதும், நாளொன்றுக்கு இரண்டு பச்சைக் கிவிப் பழங்களைச் சேர்ப்பதும் நல்லது. பேதி வகையினர் காபியையும் கொழுப்பையும்தான் முதலில் கவனிக்க வேண்டும். உணவு முறையால் அடங்காத நீர்த்த பேதி தொடர்ந்தால், பித்த அமிலம் உறிஞ்சப்படாமை என்னும் வேறொரு காரணம் இருக்கக்கூடும். அதற்குத் தனியான மருந்து உண்டு, மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேட்கலாம்.

நன்றாக இருந்த வயிறு திடீரென்று ஒரு வாரம் கெட்டுப்போனால் பட்டியலைக் கிழித்துப்போட வேண்டியதில்லை, முழு விலக்கத்துக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. குறிப்பேட்டை மறுபடி எடுத்து மூன்று நாள்கள் எழுதுங்கள், தூக்கமும் வேளை தவறியதும் முதலில் கண்ணில் படும். அளவுக்குட்பட்ட உணவுகளை மட்டும் சில நாள்கள் ஒதுக்கி, வயிறு அடங்கியதும் திரும்பச் சேருங்கள். ஆனால் அந்தத் தொல்லை இதுவரை கண்டிராத வகையில் இருந்தால், அதாவது இரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வலி ஆகியவற்றில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தால், அதைப் பழைய ஐ.பி.எஸ். கணக்கில் எழுதாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், குறிப்பேட்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.